ஏறாத ரேட்… எட்டாத வேலை! ஓ.எம்.ஆர். கான்ட்ராக்டர்களின் காத்திருப்பு

"சார், நீங்க இமீடியட் ஜாய்னரா?"

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, ஐ.டி. கம்பெனிகளில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம். அடுத்து மொத்த அனுபவம் எத்தனை வருஷம், அதில் இந்த டெக்னாலஜியில் எத்தனை, இப்போது வாங்குவது எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு என்று வரிசையாக வரும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிர்முனையில் குரல் கொஞ்சம் இறங்கும். "கிளையன்ட் பட்ஜெட் ஃபிக்ஸ்டு சார். ஓகேன்னா ப்ரொஃபைல் அனுப்பறேன்." அந்த பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால், சில வருஷங்களுக்கு முன்பு நம்மைவிட அனுபவம் குறைந்தவருக்குக் கொடுத்த ரேட்டாக இருக்கும். போகட்டும் என்று சம்மதித்தாலும் 'பொசிஷன் ஆன் ஹோல்டு' என்று ஒரு வரி வரும். பல நேரம் அதுவும் வராது.

ஐ.டி. என்றாலே நிரந்தர வேலை, கை நிறையச் சம்பளம் என்று நினைக்கும் உறவினர்களுக்கு இந்த உலகம் புரியாது. ஒரே ஃப்ளோரில், ஒரே டீமில், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் அந்தக் கம்பெனியின் ஊழியர்; இன்னொருவருக்குச் சம்பளச் சீட்டு எங்கோ இருக்கும் ஆள் அனுப்பும் நிறுவனத்திலிருந்து வரும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டை நிறம் வேறாக இருக்கும். தீபாவளிப் பரிசுப் பெட்டி பல இடங்களில் இவருக்கு இல்லை. ஊதிய உயர்வு பற்றி மேனேஜரிடம் கேட்டால், "உங்க வெண்டர்கிட்ட பேசுங்க" என்பார். வெண்டரைக் கேட்டால், "கிளையன்ட் ரேட் ஏத்தினாத்தான் சார்" என்பார். இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் பலருடைய கடந்த மூன்று நான்கு வருஷங்கள் கழிந்திருக்கின்றன.

ஏன் இப்படி ஆனது?

2021-லும் 2022-ன் முற்பாதியிலும் நிலைமை தலைகீழ். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கக் கிளம்பின. ஆள் கிடைக்கவில்லை. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 28.4 விழுக்காட்டைத் தொட்டது. கையில் மூன்று ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு நான்காவதற்குப் பேரம் பேசிய காலம் அது. கேட்ட ரேட் கிடைத்தது. அப்போது கான்ட்ராக்டுக்கு மாறியவர்கள் ஏராளம்.

அதே 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த விகிதம், 2023 ஜூலையில் 5.25 - 5.5 விழுக்காட்டுக்குப் போனது. கடன் விலை ஏறியதும் அங்கே உள்ள நிறுவனங்கள் முதலில் கை வைத்தது புதிய ப்ராஜெக்டுகளில். அதன் அதிர்வு சோழிங்கநல்லூருக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்றிலும் சேர்த்து ஊழியர் எண்ணிக்கை சுமார் 64,000 குறைந்தது. 2025 ஜூனில் டி.சி.எஸ்., ஒருவர் ஆண்டுக்கு 35 நாட்களுக்கு மேல் ப்ராஜெக்ட் இல்லாமல் 'பெஞ்சில்' இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே உலகெங்கும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இது நிரந்தர ஊழியர்களின் கதையாயிற்றே, கான்ட்ராக்டருக்கு என்ன என்று கேட்கலாம். சொந்த ஊழியரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கம்பெனியும் வெளியாளுக்குக் காசு கொடுக்காது. முதலில் கான்ட்ராக்டரை அனுப்பிவிட்டுத் தன் ஆளை அந்த இடத்தில் உட்கார வைக்கும். இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகளிலிருந்து வெளியே வந்தவர்களும் அதே கான்ட்ராக்ட் வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை குறைந்து ஆள் கூடினால் ரேட் என்ன ஆகும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவின் பங்கு? உண்டு. ஆனால் டீக்கடைப் பேச்சில் சொல்லப்படும் விதத்தில் அல்ல என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மேசையில்தான் அது முதலில் வேலையைக் காட்டுகிறது. "ஏ.ஐ. கருவிகளை வைத்து வேலையைச் சீக்கிரம் முடிக்கிறீர்களே, அந்த மிச்சத்தில் எங்களுக்குப் பங்கு எங்கே?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகவே தோன்றும். அந்தத் தள்ளுபடி மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் தனி ஆளின் ரேட்டில் வந்து விழுகிறது. கையால் செய்யும் டெஸ்டிங், அடிப்படை சப்போர்ட் வேலைகளில் இருப்பவர்களுக்கு அடி பலம்.

நடுவில் எத்தனை கை?

ரேட் ஏறாததற்குச் சந்தை ஒரு காரணம் என்றால், அதைவிட நாம் அதிகம் பேசாத காரணம் வெண்டர் சங்கிலி. பெரிய நிறுவனங்கள் எல்லோரிடமும் ஆள் எடுப்பதில்லை. பட்டியலில் உள்ள சில முதன்மை வெண்டர்களிடம் மட்டுமே எடுக்கும். எந்த அனுபவத்துக்கு என்ன ரேட் என்று கொள்முதல் பிரிவு முன்கூட்டியே ரேட் கார்டு போட்டுவிடும்; பல இடங்களில் அது சில ஆண்டுகளுக்கு மாறாது. முதன்மை வெண்டருக்கு ஆள் கிடைக்காவிட்டால் சப் வெண்டரிடம் கேட்பார். சப் வெண்டர் இன்னொருவரிடம் கேட்பார். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி சென்னைக்கு வந்து சேர்கிற கதைதான்.

ஓர் உதாரணக் கணக்கு. கிளையன்ட் ஒரு டெவலப்பருக்காக மாதம் 2,00,000 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கை 30,000, இரண்டாம் கை 25,000, மூன்றாம் கை 25,000 எடுத்துக்கொண்டால் வேலை செய்பவருக்கு 1,20,000. அதுவும் 'சி.டி.சி.' (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற பெயரில் வந்தால், பி.எஃப்.-இல் முதலாளி கட்ட வேண்டிய பங்கும் அதற்குள்ளேயே அடக்கம். கிளையன்ட் ரேட்டில் ஒரு பைசா ஏறாமலேயே இவருக்கு 25,000 கூடக் கிடைக்க வழி இருக்கிறது: நடுவில் ஒரு கை குறைய வேண்டும்.

எனவே அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது ரேட்டை அல்ல. "நீங்கள் கிளையன்டுக்கு நேரடி வெண்டரா, நடுவில் யாராவது இருக்கிறார்களா? நான் யாருடைய பே ரோலில் இருப்பேன்?" என்று கேளுங்கள். மழுப்பினால் குறைந்தது இருவராவது நடுவில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். நேரடி வெண்டர் யார் என்பதை அறிய ஒரு வழி, அந்த கிளையன்டிடம் ஏற்கெனவே கான்ட்ராக்டில் இருக்கும் நண்பரிடம் கேட்பது. தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தத் தகவல், எந்த சர்டிஃபிகேட்டையும்விட அதிகம் சம்பாதித்துத் தரும். இன்னொன்று, ஒரே வேலைக்கு இரண்டு வெண்டர்கள் உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பிவிட்டால் பல கிளையன்டுகள் இரண்டையுமே ஒதுக்கிவிடுவார்கள். யாருக்கு அனுமதி கொடுத்தோம் என்பதை மெயிலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மாதக் கணக்கு பொய் சொல்லும்

கான்ட்ராக்டர்கள் செய்யும் பெரிய தவறு, தங்களை மாதச் சம்பளக்காரர்களாக நினைத்துக்கொள்வது. அவர்கள் விற்பது நாட்களை. விற்காத நாளுக்கு வருமானம் இல்லை.

அதே 1,20,000 ரூபாய்க்காரரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டால் பெருக்கினால் 14.4 லட்சம். அண்ணா நகரில் சொந்த வீடு, கார் என்று கனவு விரியும். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்க இரண்டு மாதம் ஆனால் 2.4 லட்சம் போச்சு. அமெரிக்க கிளையன்ட் என்றால் டிசம்பரில் 'ஃபர்லோ' என்று சம்பளமில்லா விடுப்பு அறிவிப்பதுண்டு. அது இரண்டு வாரம் என்றால் இன்னொரு 60,000. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாக எடுக்க 40,000 என்று வைப்போம். மீதம் 11 லட்சம். மாதத்துக்கு 92,000-க்கும் கொஞ்சம் குறைவு. 95,000 ரூபாய்க்கு வந்த நிரந்தர வேலையை, 'இவ்வளவு குறைவா' என்று உதறியவர் உண்மையில் நஷ்டப்பட்டிருக்கிறார்.

ரேட் ஏறவில்லை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அது இறங்கிக்கொண்டே இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், ஐந்து வருஷமாக மாறாத 1,20,000 ரூபாயின் வாங்கும் சக்தி இன்று சுமார் 94,000. இதற்கிடையில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4-இலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு ஏறியது. கேளம்பாக்கத்திலும் படூரிலும் ஃபிளாட் வாங்கியவர்களுக்குக் கடன் தவணை கூடியது, அல்லது தவணைக் காலம் நீண்டது. 2025-இல் விகிதம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் எது? ரேட்டை ஏற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதில் இப்போதைக்குப் பலனில்லை. ரேட் கார்டு உங்களை அழைத்த ரெக்ரூட்டரின் கையில் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் மற்ற வரிகளில் அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. நீங்கள் விலகினால் 60 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் 7 நாள் என்று இருந்தால் இரண்டையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஃபர்லோ நாட்களில் பாதிச் சம்பளமாவது உண்டா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால், மெட்ரோ பணி நடக்கும் ஓ.எம்.ஆரில் அதுவே ஒரு சம்பள உயர்வு. ஆறு மாதத்தில் எக்ஸ்டென்ஷன் வந்தால் ரேட்டை மறுபரிசீலனை செய்வோம் என்று ஒரு வரி எழுத்தில் வாங்க முடிந்தால் அது பெரிய வெற்றி. வேலையில் சேர்வதற்கு முந்தைய வாரம் மட்டும்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும். சேர்ந்த பிறகு கேட்பது மனு; சேருமுன் கேட்பதுதான் பேரம்.

சட்டம் கொடுப்பதை யார் கேட்பது?

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பற்றித் தொழிற்சங்கங்கள் எழுப்பும் எதிர்ப்புகளில் நியாயம் உண்டு. ஆனாலும் ஐ.டி. கான்ட்ராக்டர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. நியமனக் கடிதம் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலோ அனுப்பப்பட்டாலோ கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். '45 நாளில் செட்டில்மென்ட்' என்பது இனி பழங்கதையாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கிராஜுவிட்டி. முன்பு ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தால்தான் கிடைக்கும். வெண்டர் விட்டு வெண்டர் மாறும் கான்ட்ராக்டருக்கு அது எட்டாக்கனி. இப்போது குறிப்பிட்ட காலத்துக்கான ஊழியர் என்ற முறையில் நியமிக்கப்பட்டவருக்கு ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு. உங்கள் கடிதத்தில் உங்களை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

சில வெண்டர்கள் இந்தச் சுமையிலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஊழியராகச் சேர்க்காமல் 'கன்சல்டன்ட்' என்று போட்டு, பத்து விழுக்காடு டி.டி.எஸ். மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. கையில் வரும் தொகை கூடுவதால் இளைஞர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். பி.எஃப். இல்லை, அதனோடு இணைந்த 7 லட்சம் வரையிலான ஆயுள் காப்பீடு இல்லை, விடுப்பு இல்லை, கிராஜுவிட்டி இல்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

ஆனால் ஒருவர் உண்மையிலேயே சுயமாகத் தொழில் செய்பவராக இருந்தால் வருமான வரிச் சட்டம் அவருக்குச் சாதகமாக இருக்கிறது. 44ஏடிஏ என்று பலர் அறிந்த பிரிவின்படி, தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர் தன் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 75 லட்சம் வரை இந்தச் சலுகை உண்டு. மாதம் ஒன்றரை லட்சம், ஆண்டுக்கு 18 லட்சம் வாங்குபவருக்கு வரிக்குரிய வருமானம் 9 லட்சம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், வேறு வருமானம் இல்லாவிட்டால், பிடித்த 1.8 லட்சம் டி.டி.எஸ். முழுவதும் திரும்ப வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால்! 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஒரே கம்பெனியில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மேனேஜர் சொற்படி வேலை செய்துவிட்டு இந்தப் பிரிவில் வரி கட்டுவது கத்தி மேல் நடப்பது. ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

சுயதொழில் செய்பவர்களுக்கு இன்னோர் ஆயுதமும் உண்டு. மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால், 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி உங்கள் பில்லுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போட வேண்டும் என்றில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே அக்கவுன்ட்ஸ் பிரிவின் வேகம் மாறுவதுண்டு. ஏனெனில் 2024 ஏப்ரலிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் கொடுக்காத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது.

சங்கம்? 2016-லேயே தமிழக அரசு, ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர்கள் சொற்பம். 'நாம் தொழிலாளி இல்லை, ப்ரொஃபஷனல்' என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

தேதி விழுந்த வேலைகள்

வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. சென்னை ஐ.டி. துறையின் தொடக்க கால வரலாற்றிலேயே விடை உண்டு. 2000-ஆம் ஆண்டில் டைடல் பார்க் திறக்கப்படுவதற்குச் சற்று முன்புதான், 2000 பிறந்ததும் கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்ற 'ஒய்டுகே' பயம் உலகைப் பிடித்திருந்தது. 1999 டிசம்பர் 31-க்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இருந்ததால் யாரும் ரேட் பார்க்கவில்லை. கெடு உள்ள வேலையைக் கொள்முதல் பிரிவு தள்ளிப்போட முடியாது.

இன்றைக்கும் அப்படிப்பட்ட கெடுக்கள் இருக்கின்றன. எஸ்.ஏ.பி. நிறுவனம் தன் பழைய இ.சி.சி. மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியில் நிறுத்துகிறது. அதற்குள் புதிய எஸ்/4ஹானாவுக்கு மாற வேண்டிய நிறுவனங்கள் பல. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். வங்கி, மருத்துவமனை, மளிகைச் செயலி என எல்லோரும் தங்கள் தரவுத் தளங்களைச் சீர்செய்தாக வேண்டும். ஐரோப்பிய நிதி நிறுவனங்களுக்கு 'டோரா' என்ற கணினிப் பாதுகாப்பு விதி 2025 ஜனவரி 17 முதல் அமலில் உள்ளது. புதிதாக எதைக் கற்கலாம் என்று யோசிப்பவர்கள், யூடியூபில் எது பிரபலம் என்று பார்ப்பதைவிட எந்த வேலைக்குத் தேதி விழுந்திருக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். கவர்ச்சியான வேலைகளாக இவை இல்லாமல் இருக்கலாம். பழைய டேட்டாபேஸில் வாடிக்கையாளரின் பிறந்த தேதி எத்தனை டேபிளில் இருக்கிறது என்று தேடுவதில் என்ன கவர்ச்சி? ஆனால் அதற்குக் காசு உண்டு.

வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நேரடியாக நடத்தும் மையங்களையும் கவனிக்க வேண்டும். நாடு முழுவதும் 1,700-க்கு மேற்பட்ட இத்தகைய மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்வதாக நாஸ்காம் 2024-இல் மதிப்பிட்டது. சென்னைக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. வேலை தருபவரே இங்கே இருப்பதால், நடுவில் உள்ள கைகள் குறைய வாய்ப்பு இருக்கும் இடம் இதுதான்.

வேலை அரிதாகும் போதெல்லாம் ஏமாற்றுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு லட்சம் கட்டினால் 'பேக்டோர்' வழியாக வேலை, இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ், இன்டர்வியூவில் உங்களுக்குப் பதில் இன்னொருவர் பேசுவது என்று விதவிதமாக வருவார்கள். அனுபவத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பி.எஃப். பதிவைப் பார்க்கின்றன, எந்த மாதம் எந்த நிறுவனம் கட்டியது என்று அதில் தெரிந்துவிடும். சிக்கினால் வேலை போவதோடு நிற்காது, அந்தக் கம்பெனியின் கதவு மறுபடி திறக்காது. இடைவெளி விழுந்த ஆறு மாதத்தை, 'வேலை தேடிக்கொண்டிருந்தேன், இதைக் கற்றேன்' என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. கடந்த சில வருஷங்களில் இடைவெளி விழாத ரெஸ்யூமேக்கள்தான் குறைவு.

வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வேலைகள் பாக்கி. குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கம்பெனிக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இரண்டாவது, ஆறு மாத வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.-யும் வங்கியில் இருக்கட்டும். வைப்பு நிதி வட்டியைவிட அதிகம் தரும் முதலீடு உண்டா என்றால் உண்டு. ஆனால் கைவசம் காசு இருப்பவர்தான் மோசமான ரேட்டுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்.

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்த ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். எத்தனை நாள் நோட்டீஸ், யார் உங்கள் முதலாளி, எந்தத் தேதியில் முடிகிறது என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த வேலைக்குப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் நிச்சயம் என்று மேனேஜர் வாயால் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.